பழைய ஸ்லாஷரும் நாலு மாரியும்

2021 ஆவணியில் சிலாபம் பக்கத்துத் தென்னந்தோட்டம் ஒன்றிலிருந்து ஐந்தடி ஸ்லாஷர் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டு ஒட்டுசுட்டானுக்கு வந்தேன். உழவு மிசினின் பின்னால் கொழுவி, பி.ரி.ஓவில் (என்ஜினின் சுழற்சியைப் பின்னால் எடுத்துத் தருகிற முனை) ஒரு ஷாப்ற்றால் தொடுத்துச் சுழல விட்டுப் புல்லும் பற்றையும் வெட்டுகிற சாமான். எங்கட காணி ஆறு ஏக்கர். பாதி தென்னை, பாதி மரமுந்திரிகை. கலப்பை போட்டால் வேர் அறுபடும். போடாமல் விட்டால் சோளகக் காற்றில் கினிப்புல் காய்ந்து, யாரோ வீசுகிற பீடித் துண்டுக்குக் காத்துக்கொண்டு நிற்கும். கையில் பிடிக்கிற மிசினால் ஒரு மூலையை முடித்து நிமிர மற்ற மூலை முழங்கால் உயரத்துக்கு வந்துவிடும்.

வாங்கும்போது பெயின்ற் புதுசாக இருந்தது. சந்தோசப்பட்டேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கியர் பெட்டியின் அடிவரைக்கும் பெயின்ற் அடித்திருந்தார்கள், எண்ணெய் ஒழுகின தடத்தை மறைக்கத்தான்.

மாங்குளத்தில் ஒரு மெக்கானிக் அண்ணையிடம் காட்டினேன். நான் பிளேட்டைக் காட்ட, அவர் குனிந்து ஷாப்ற்றின் போல்ற்றைப் பார்த்தார். துணியால் அதன் தலையைத் துடைத்துவிட்டு, "தம்பி, இதில என்ன எழுதியிருக்கு, வாசியும்" என்றார். 8.8 என்று பொறித்திருந்தது, அது உரம் கூடின போல்ற்றின் நம்பர். "உது உடையாது. உடையிறதுக்கெண்டே போடுற இடத்தில உடையாத போல்ற்றைப் போட்டால் வேற எது உடையும்?"

கியர் பெட்டியைத் திறந்ததும் பதில் கிடைத்தது. எண்ணெய் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது, தண்ணீர் கலந்திருக்கு. சின்னப் பல்சக்கரத்தில் இரண்டு பல்லின் முனை போயிருந்தது. பிளேட் கட்டையிலோ புற்றிலோ அடிக்கும்போது முறிய வேண்டியது ஷாப்ற்றின் அந்தப் போல்ற்தான். பெட்டிக் கடையில் ஒரு தேத்தண்ணிக் காசுக்கு வருகிற அந்த ஆணியை மிச்சம் பிடிக்கப் போய், முன்னைய சொந்தக்காரர் பல்லைக் கொடுத்திருக்கிறார். இப்போது சாதாரண போல்ற் அஞ்சாறு எப்போதும் சீற்றுக்கு அடியில் தகரப் பேணியில் கிடக்கும். ஒரு மாரிக்கு மூன்று நாலு முறியும். முறிகிற ஒவ்வொரு தரமும் எனக்கு நிம்மதிதான்.

பல்சக்கரமும் பெயாரிங்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுத்தது. ஷாப்ற்றைச் சுற்றி எண்ணெய் ஒழுகாமல் பிடிக்கிற வளையமான ஒயில் சீல்தான் தொல்லை கொடுத்தது. புதுசு போட்டும் ஒரு கிழமையில் திரும்ப ஒழுகியது. கழற்றிப் பார்த்தால், பழைய சீலின் உதடு உரசி உரசி ஷாப்ற்றில் நகம் தட்டுப்படுகிற அளவுக்கு ஒரு வரி விழுந்திருந்தது. புதுச் சீலும் அதே வரியில்தான் குந்துகிறது. அண்ணை அடுத்த சீலை இரண்டு மில்லிமீற்றர் மேலே நிறுத்தி அடித்தார். உதடு தேயாத இடத்தில் பட்டது, ஒழுக்கு நின்றது. 90ஆம் நம்பர் கியர் ஒயில் விட்டு, இன்றுவரை அதே சீல். திருத்தச் செலவு வாங்கின விலையில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்ட வந்தது. விலை பேசுகிறபோதே அதைக் கணக்குப் பண்ணியிருந்தால் பேரம் வேறு மாதிரிப் போயிருக்கும்.

பிளேட் கதையையும் சொல்ல வேண்டும். பழைய இரண்டில் ஒன்றை ஒட்டு வைத்து நீட்டியிருந்தார்கள். கியர் பெட்டிச் சக்கரங்களின் பல்லை எண்ணினேன்: பெரியதில் 22, சின்னதில் 15. பி.ரி.ஓ நிமிசத்துக்கு 540 சுற்றினால் பிளேட் ஏறத்தாழ 790 சுற்றும். ஐந்தடி வட்டத்துக்கு அதன் நுனி ஓடுகிற வேகம் மணிக்கு 225 கிலோமீற்றருக்குக் கிட்ட. ஏ9இல் போகிற இரவு பஸ்கூட அந்த ஓட்டம் ஓடாது. ஒட்டு விட்டால் அந்த இரும்புத் துண்டு அதே வேகத்தில் கிளம்பும். இரண்டையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் புதுச் சோடி வாங்கினேன், கடைத் தராசில் நிறுத்துப் பார்த்து. ஒரு பக்கம் பாரம் கூடினால் மிசின் முழுக்க நடுங்கும், பெயாரிங் போகும். தீட்டும்போது சவரக்கத்தி மாதிரித் தீட்டக்கூடாது. முனையில் ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்பு விட்டால்தான் நிற்கும்.

இனி, நான் பயந்த நாள். எங்கட உழவு மிசின் ஒற்றைக் கிளச், சில்லுக்கும் பி.ரி.ஓவுக்கும் சேர்த்து ஒன்றுதான். 2022 கார்த்திகையில் வேலி ஓரத்தில் கிளச்சை முழுக்க மிதித்தேன். நிற்கவில்லை. சுழன்றுகொண்டிருந்த பிளேட்டின் பாரம் ஷாப்ற் வழியாகத் திரும்பி மிசினையே தள்ளிக்கொண்டு போனது. பிரேக்கில் ஏறி நின்றும் முன்சில்லு முள்ளுக்கம்பிக்குள் போய்த்தான் அடங்கியது. அந்த இடத்தில் கிணறு இருந்திருந்தால்? ஒரு பக்கம் மட்டும் இழுக்கிற கப்ளிங் ஒன்று இருக்கிறது, சைக்கிள் பின்சில்லின் பிரீவீல் மாதிரி. அடுத்த கிழமையே போட்டேன். அது போட்டால் நீளம் கூடும், அந்த அளவுக்கு ஷாப்ற்றை அறுக்க வேண்டும். அறுக்காமல் ஸ்லாஷரைத் தூக்கினால் ஷாப்ற் முட்டி கியர் பெட்டியை உடைக்கும். பழைய ஒற்றைக் கிளச் மிசின் வைத்திருக்கிறவர்கள் பிளேட் மாற்ற முதல் இதை வாங்குங்கோ.

அடுத்தது சாரம். எங்கட ஆட்கள் தோட்டத்துக்கு வேறு எதைக் கட்டிக்கொண்டு வருவார்கள்? ஷாப்ற் விநாடிக்கு ஒன்பது சுற்று சுற்றுகிறது. சாரத்தின் ஒரு முனை பட்டால், "நிப்பாட்டு" என்று கத்த வாய் திறக்கிறதுக்குள் துணி முழுக்க அதில் சுற்றிவிடும். வாங்கும்போது ஷாப்ற்றின் பிளாஸ்ரிக் மூடி இல்லை. அதையும் பின்பக்கச் சங்கிலித் திரையையும் புதுசாகப் போட்ட பிறகுதான் முதல் புல் வெட்டினேன். சங்கிலி இல்லாத ஸ்லாஷர் கல்லெறிகிற மிசின். வெட்டும்போது 100 மீற்றருக்குள் ஒருவரையும் விடமாட்டேன், மாடு மேய்க்கிற பிள்ளைகளையும் சேர்த்து. கீழே குனிய வேண்டுமென்றால் என்ஜினை நிறுத்தி, திறப்பைச் சட்டைப்பைக்குள் போட்டு, பிளேட் முழுக்க நிற்கும்வரை இருந்து, பாலைக்கட்டை அண்டை கொடுத்துத்தான். ஸ்லாஷரைத் தூக்கிப் பிடிக்கிற ஹைட்ரோலிக்கை நம்பி அடியில் படுக்கிற வேலை வேண்டாம், அது மெல்ல மெல்ல இறங்கும்.

வன்னிக்கு மட்டுமான ஒரு விசயம். காணியை முதலில் நடந்து பார்ப்பேன். பங்கர்க் குழி புல்லுக்குள் தெரியாது. முள்ளுக்கம்பி ஒரு முழம் மாட்டினாலே ஷாப்ற்றில் சுற்றிச் சீலை அறுத்துவிடும். கண்ணிவெடி எடுத்து முடித்ததாகக் கையளிக்காத நிலத்தில் எவ்வளவு கூலி தந்தாலும் இறக்கமாட்டேன். பிளேட் மண்ணில் படாது, ஆனால் சில்லு படும். கையளித்த நிலத்திலும் துருப்பிடித்த சாமான் ஏதும் கண்டால் தொடாமல் அடையாளம் வைத்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுறதுதான். ஒருக்கால் அப்படி வேலையை நிற்பாட்டிவிட்டு வந்தேன். காணிக்காரர் முகம் சுளித்தார். சுளிக்கட்டும்.

மற்றபடி குறை சொல்ல அதிகம் இல்லை. மணிக்கு ஒரு ஏக்கர், நாலைந்து லீற்றர் டீசல். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக் கியூஆர் அட்டையோடு டீசலுக்கு நின்ற நாட்களில் அது பெரிய கணக்கு. காய்ந்த கினிப்புல்லின் விதை ரேடியேற்றரை அடைத்துச் சூடேற்றும். முன்னால் பழைய நுளம்புவலைத் துண்டு கட்டி, மணிக்கொருக்கால் தட்டிவிடுவேன். நாயுண்ணிப் பற்றை பெருவிரல் தடிப்புவரை சுகமாக வெட்டும், அதற்கு மேல் கத்திதான். மழை பெய்த மறுநாள் இலுக்குப் புல்லில் இறக்கினால் வெட்டாது, அரைத்து அப்பிவிடும்.

போன பங்குனியில் மயில் அடை கிடந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு வெட்டினேன். அந்த வட்டம் இன்னும் அப்படியே கிடக்கு. ஸ்லாஷரின் அடியில் மண்ணில் உரசுகிற வலப்பக்கச் சறுக்குத் தகடு தேய்ந்து ஓட்டையாகிவிட்டது, ஐப்பசி மழைக்கு முதல் அதை மாற்ற வேண்டும்.