மால்டனா, வால்ஹாலாவா? விக்டோரியாவின் பழைய தங்க ஊர்கள்: ஓர் ஒப்பீடு

மெல்பர்னில் வாழும் நம்மவர்கள், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்குத் தங்க வேட்டைக் காலத்தைக் காட்ட நினைத்தால் பெரும்பாலும் பாலரட்டில் உள்ள சாவரின் ஹில்லுக்கே போகிறார்கள். 1970இல் திறக்கப்பட்ட அந்தத் திறந்தவெளி அருங்காட்சியகம் நேர்த்தியானது. குழந்தைகள் உடன் வந்தால் அதை விட்டுவிட வேண்டாம். ஆனால், தங்கத்தால் பிறந்து, தங்கம் தீர்ந்த பிறகும் மனிதர் குடியிருக்கும் உண்மையான சிற்றூரைப் பார்க்க வேண்டும் என்று என் மாமனார் விரும்பினார். எங்கள் முன் மூன்று பெயர்கள் இருந்தன: மால்டன், வால்ஹாலா, கிளூன்ஸ். மாமனார், மாமியாரோடு போய்த் தங்குவதற்கு மால்டனைத் தேர்ந்தோம். மற்ற இரண்டையும் வேறு சமயங்களில் பார்த்திருக்கிறேன். இந்த அலசல் மால்டன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

தூரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மால்டனும் கிளூன்ஸும் மெல்பர்னுக்கு வடமேற்கே, காரில் இரண்டு மணி நேரத்துக்குள் அடையக்கூடியவை. வால்ஹாலா கிழக்கே கிப்ஸ்லாந்து மலைகளுக்குள் இருக்கிறது. கடைசிப் பகுதி முழுவதும் வளைவுகள் என்பதால், மலைப்பாதையில் தலைசுற்றும் வழக்கமுள்ள பெரியவர்கள் சிரமப்படுவார்கள். இயற்கை அழகில் வால்ஹாலாவுக்கு மற்ற இரண்டும் ஈடாகா.

கிளூன்ஸின் வரலாற்றுப் பெருமை பெரியது. 1851இல் ஜேம்ஸ் எஸ்மண்ட் அங்கே தங்கம் கண்ட செய்தி விக்டோரியாவின் தங்க வேட்டையைத் தொடங்கிவைத்த செய்திகளுள் ஒன்று. 1873இல் வேலைநிறுத்தத்தை முறியடிப்பதற்காகச் சுரங்க உரிமையாளர்கள் சீனத் தொழிலாளர்களை அழைத்துவந்தபோது, ஊர்மக்கள் திரண்டு வழிமறித்துக் கலவரம் செய்ததும் இங்கேதான். இன்று அந்த ஊரின் அடையாளம் 2007 முதல் நடந்துவரும் புத்தகத் திருவிழா. அந்தத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் மட்டுமே நான் கிளூன்ஸைப் பார்த்திருக்கிறேன் என்பதால், சாதாரண நாளில் அதன் அகன்ற பிரேசர் தெரு எப்படியிருக்கும் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கார் இல்லாதவர்களுக்கு ஒரு வசதி உண்டு: பாலரட்டிலிருந்து மேரிபரோ செல்லும் ரயில் கிளூன்ஸில் நிற்கிறது. வண்டிகள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலில் பார்த்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

ஆக, உண்மையான போட்டி மால்டனுக்கும் வால்ஹாலாவுக்கும் இடையேதான். இதில் முடிவைத் தீர்மானித்தது அழகும் அன்று, வரலாறும் அன்று. நாம் போகும் நாளில் ஊர் திறந்திருக்குமா என்ற ஒரே கேள்விதான். நானும் கணவரும் மருத்துவமனையில் சுழற்சிமுறைப் பணியில் இருப்பவர்கள். எங்களுக்குச் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைப்பது வாரநாள்களில்தான். இத்தகைய சிற்றூர்களில் அருங்காட்சியகம், சுரங்கச் சுற்று, பழைய ரயில் ஆகியவற்றில் பெரும்பகுதியை நடத்துபவர்கள் தன்னார்வலர்கள், அதிலும் பலர் ஓய்வுபெற்றவர்கள். அவர்களுக்கு முடிந்த நாளில்தான் கதவு திறக்கும். வார இறுதியில் கலகலப்பாக இருக்கும் இடம் செவ்வாய்க்கிழமை பூட்டிக்கிடப்பது இங்கே வழக்கம். பயணக் கையேடுகளோ இதை ஓரத்தில் ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன.

வால்ஹாலாவில் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஏறக்குறைய இருபது பேர். ஒருகாலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த ஊர் அது. செங்குத்தான இரு மலைச்சரிவுகளுக்கு இடையே ஓர் ஓடை, ஓடையை ஒட்டி ஒரே தெரு. விளையாடச் சமதளம் இல்லாததால் கிரிக்கெட் மைதானத்தை மலையுச்சியை வெட்டி அமைத்தார்கள். இடமில்லாமல் தீயணைப்பு நிலையத்தை ஓடையின் குறுக்கே கட்டினார்கள். விவசாய நிலம் கிடையாது. லாங் டனல், லாங் டனல் எக்ஸ்டெண்டட் என்ற இரு பெரிய சுரங்கங்களை நம்பியே ஊர் நின்றது. பல்லாண்டு காத்திருந்த ரயில் 1910இல்தான் வந்து சேர்ந்தது. அடுத்த நான்கு ஆண்டுகளுக்குள் இரு சுரங்கங்களும் மூடப்பட, வீடுகள் பலவற்றைப் பிரித்து அதே ரயிலில் ஏற்றிக்கொண்டு மக்கள் வெளியேறினார்கள். மின்கம்பி இந்த ஊரை எட்டியது 1998இல். இன்று நாம் காணும் கட்டடங்களில் சில புதியவை. ஸ்டார் ஹோட்டல் தீக்கிரையாகி 1999இல் பழைய முகப்போடு மீண்டும் எழுப்பப்பட்டது.

இப்படிப்பட்ட ஊரில் வாரநாளில் போய் இறங்கினால் மலையும் ஓடையும் சரிவில் படிப்படியாக அமைந்த கல்லறைத் தோட்டமும் இருக்கும். தாம்சன் நிலையத்திலிருந்து வரும் குறுகிய பாதை ரயில் ஓடாமல் போகலாம், தேநீர் குடிக்கும் கடைகூடத் திறந்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. நடப்பதில் விருப்பமுள்ள இளையவர்களுக்கு அந்தத் தனிமையே விருந்தாகலாம். மூட்டுவலியுள்ள மாமியாருக்கு, உட்கார ஓரிடமும் குடிக்கச் சூடாக ஏதாவதும் வேண்டியிருந்தது.

மால்டனின் கதை வேறு. 1853இன் இறுதியில் டாரங்கோவர் மலையடியில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். மேல்மண் தங்கம் தீர்ந்த பிறகு வெண்படிகப் பாறைகளை உடைத்தெடுக்கும் ஆழச் சுரங்கங்கள் பல பத்தாண்டுகள் நீடித்தன. ஊரைச் சுற்றிலும் ஆடு மேய்க்கவும் பயிரிடவும் நிலம் இருந்ததால், சுரங்கங்கள் ஓய்ந்த பிறகும் அது சுற்றுவட்டாரத்துக்குச் சந்தையூராகத் தொடர்ந்தது. அதே சமயம், பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் அளவுக்குச் செல்வமும் சேரவில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் பழைய கடைத்தெரு முழுசாகத் தப்பியது. 1966இல் ஆஸ்திரேலியாவின் பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்ட், குறிப்பிடத்தக்க ஊர் என்ற தகுதியை முதன்முதலாக மால்டனுக்குத்தான் அளித்தது. இன்று ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள். பள்ளி உண்டு, சிறிய மருத்துவமனையும் உண்டு. ஆகவே கடைகளில் சில பயணிகளுக்காகவன்றி ஊராருக்காகவே திறக்கின்றன. நாங்கள் போன வாரநாளில் அருங்காட்சியகம் மூடியிருந்தது; ஆயினும் ரொட்டிக்கடையில் ஊர்க்காரர்கள் வரிசையில் நின்றார்கள், தாழ்வாரத்துப் பெஞ்சில் மாமனார் அரை மணி நேரம் அமர்ந்து வேடிக்கை பார்த்தார். அந்தத் தெருவின் கூரைத் தாழ்வாரங்கள் இருபுறமும் தொடர்ச்சியாக இருப்பதால் வெயிலிலும் மழையிலும் பெரியவர்கள் நிதானமாக நடக்கலாம்.

மால்டனுக்கு இன்னொரு சாதகம், பார்க்க வேண்டியவற்றில் பாதிக்குக் கதவே இல்லை. பீஹைவ் சுரங்கத்தின் செங்கல் புகைபோக்கி, ஏறக்குறைய முப்பது மீட்டர் உயரத்தில், ஊருக்கு நடுவிலேயே நிற்கிறது. பார்கின்ஸ் ரீஃபில் நார்த் பிரிட்டிஷ் சுரங்கத்தின் சூளைகள் திறந்தவெளியில் இருக்கின்றன. பாறையை அவற்றில் இட்டுச் சுட்டு நொறுங்கும் பதத்துக்குக் கொண்டுவந்த பின்பே அரவை ஆலைக்கு அனுப்பினார்கள். டாரங்கோவர் உச்சிவரை கார் போகும். அங்கிருக்கும் பார்வைக் கோபுரம் பெண்டிகோவின் ஒரு சுரங்கத்தின் மேல் நின்ற இரும்புச் சட்டம், 1920களில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. கல்லறைத் தோட்டத்தில் சீனர்கள் காகிதக் காணிக்கைகளை எரித்த சூளையும் உண்டு. இவை எதற்கும் நாள், நேரம் பார்க்க வேண்டியதில்லை. கார்மன் சுரங்கப்பாதைக்கு மட்டும் திறக்கும் நாள் பார்த்தாக வேண்டும்: 1882 முதல் 1884 வரை 570 மீட்டர் குடைந்தும் போட்ட பணத்துக்கு ஈடான தங்கம் கிடைக்காத அந்த முயற்சியை, மெழுகுவத்தி வெளிச்சத்தில் காட்டும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது.

இங்கே நம்மோடு தொடர்புள்ள ஒரு செய்தியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விக்டோரியாவின் சுரங்கத்துறைச் செயலராக இருந்த ராபர்ட் பிரஃப் ஸ்மித்தைத்தான், 1879இல் வயநாட்டுப் பாறைகளை ஆராய இந்தியாவுக்கு அழைத்தார்கள். அவர் தந்த அறிக்கையின் சூட்டில் லண்டனில் கம்பெனிகள் மளமளவென்று முளைத்தன. நீலகிரியின் தேவாலாவும் பந்தலூரும் சில ஆண்டுகள் தங்க ஊர்களாகி, பிறகு ஓய்ந்தன. கூடலூர்ப் பக்கத்தைச் சேர்ந்த மாமனாருக்கு மால்டனைப் பார்க்கும் ஆவல் வந்ததே இதனால்தான்.

மால்டனின் குறைகளையும் சொல்ல வேண்டும். கோடையில் வெயில் கடுமையானது. ஓடையும் நிழலும் உள்ள வால்ஹாலா அப்போது மேல். காசில்மெயினிலிருந்து மால்டனுக்கு ஓடும் நீராவி ரயில், 1884இல் திறந்த பாதையில் தன்னார்வலர்கள் மீட்டெடுத்தது. அதுவும் எல்லா நாளும் ஓடாது, காட்டுத்தீ அபாயத்தால் வெளியில் நெருப்பு மூட்டக் கூடாது என்று தீத்தடை அறிவிக்கும் நாளில் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின் பூட்டுவார்கள். மெல்பர்னிலிருந்து காசில்மெயின்வரை வழக்கமான ரயில் உண்டு; அங்கிருந்து மால்டனுக்குப் பேருந்து சேவை மிகக் குறைவு, ஆகையால் காரே வசதி. சைவ உணவுக்காரர்கள் இரவு உணவை நம்பிப் போக வேண்டாம். சமையலறை சீக்கிரம் மூடிவிடும். தங்கும் வீட்டில் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, முதல் வேளைக்குப் புளியோதரையும் எடுத்துக்கொண்டு போனோம். புதர்க்காட்டில் வேலியிட்ட பழைய குழிகள் இருப்பதால் பாதையை விட்டு விலகக் கூடாது.

வால்ஹாலாவில் இரவு தங்கியதில்லை. பகலில் மட்டும் பார்த்தவளின் கணிப்பு என்று இதை எடுத்துக்கொள்ளுங்கள். வார இறுதி கையில் இருந்து, நடக்கக் கால்வலுவும் இருந்து, இலையுதிர் காலமும் வாய்த்தால் அங்கேயே போகலாம். அறையை முன்பதிவு செய்துகொண்டு, மலையேறும் முன்பே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஊருக்குள் பெட்ரோல் நிலையம் கிடையாது.