புயல் நாளில் மலையைக் கடப்பதா, சுற்றிப் போவதா, தங்கிவிடுவதா?

நடைப்பயண விடுமுறையில் இந்தக் காலை ஒருநாள் வந்தே தீரும். அன்று இரவு தங்க வேண்டிய இடம் மலைக்கு அந்தப் பக்கம், அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது, எழுந்து பார்த்தால் வானம் கறுத்துக் கிடக்கிறது. கணவாய் ஏறிக் கடக்கலாம், பள்ளத்தாக்கு வழியாகச் சுற்றலாம், இல்லை இங்கேயே இன்னொரு நாள் இருந்துவிடலாம்.

எந்த வகைப் புயல் என்று தெரியாமல் இதில் எதையும் முடிவு செய்யாதீர்கள். கோடையில் வரும் இடிமழை பெரும்பாலும் வெயிலில் நிலம் சூடேறி, ஈரக்காற்று மேலே போய், பிற்பகலில் கொட்டுவது. விடியும்போதே கிளம்பி நண்பகலுக்குள் உச்சியைத் தாண்டி இறங்கிவிட முடியுமென்றால் கடப்பது நியாயமான முடிவுதான். ஆனால் பெரிய காற்றழுத்தத் தாழ்வோடு வரும் மழைக்குக் காலை, மாலை என்ற கணக்கே கிடையாது, நாள் முழுக்க அடிக்கும். அதற்கு விடியலில் கிளம்பி ஒரு பயனும் இல்லை.

மேப்பில் பார்த்தால் கணவாய்தான் ஜெயிக்கும். 1892-ல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கை இன்றும் பயன்படுத்துகிறார்கள்: ஏறக்குறைய 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி. கணவாய் வழி 12 கிலோமீட்டரும் 900 மீட்டர் ஏற்றமும் என்றால் நான்கு மணி நேரம். சுற்றுவழி 25 கிலோமீட்டர் என்றால் ஐந்து. ஒரு மணி நேரம் மிச்சம் என்று தோன்றும், அந்த ஒரு மணிக்கு ஆசைப்பட்டுத்தான் பலரும் ஏறுகிறார்கள். இது நல்ல வானிலைக்கான கணக்கு.

மேலே நிலைமையே வேறு. 1000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குளிரும். கணவாய் என்பது இரண்டு சிகரங்களுக்கு நடுவே காற்று நெருக்கியடித்துப் பாயும் இடம், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நம்மைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 0 டிகிரியில் 50 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 8 மாதிரி இருக்கும், அதுவும் உடம்பு நனையாமல் இருந்தால். ஒருமுறை நானும் தோழியும் இதையெல்லாம் தெரிந்துகொண்டேதான் ஏறினோம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே அவள் கையுறையை எடுக்கப் பையின் ஜிப்பை இழுத்தாள், விரல்கள் மடங்கவே இல்லை, நான் திறந்து கொடுத்தேன். "போதுமா?" என்று கேட்டதற்கு வந்த பதில் குழறியது. நடுக்கமும் குழறலும் சேர்ந்து வந்தால் உடம்பின் வெப்பம் குறைகிறது என்று அர்த்தம், அந்த இடத்திலேயே திரும்பி இறங்கினோம்.

மின்னலுக்கு வருவோம். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 வினாடி என்றால் சுமார் ஒரு கிலோமீட்டர், 30 வினாடிக்குள் கேட்டால் ஒதுங்கிவிடு, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திரு என்பார்கள். பக்கத்தில் கட்டடம் இருக்கும் இடத்துக்கு இது சரி. முகட்டில் நிற்பவருக்கு ஒதுங்குமிடமே ஒரு மணி நேரம் கீழே இருக்கும்போது, இடி கேட்ட பிறகு யோசிப்பது ரொம்பத் தாமதம்.

அதற்காகச் சுற்றுவழி பத்திரமானது என்று நம்பிவிடவும் கூடாது. காற்று குறைவுதான், குளிரும் குறைவு, வேண்டாமென்றால் பாதியில் வண்டி பிடிக்கலாம். ஆனால் மேலே பெய்த மழையெல்லாம் அங்கேதான் இறங்கும். நேற்று கல்மேல் கால் வைத்துத் தாண்டிய ஓடை இன்று முழங்கால் அளவில் சீறும், அந்த ஆழமே ஆளைப் புரட்டிவிடப் போதும். வழியில் உள்ள ஓடை ஒவ்வொன்றுக்கும் பாலம் இருக்கிறதா என்று மேப்பில் விரல் வைத்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள். ஒன்றுக்கு இல்லையென்றாலும் நான் போகமாட்டேன்.

தங்குவதில் பணமும் ஒரு நாளும் போகும், அவ்வளவுதான். சின்ன ஓடைகள் மழை விட்ட சில மணி நேரத்திலேயே வடிந்துவிடும் என்பதால் மறுநாள் இரண்டு வழியும் திறந்திருக்க வாய்ப்பு அதிகம். நான் இப்போதெல்லாம் ஒரு வாரப் பயணத்தில் ஒரு நாளைக் காலியாகவே வைக்கிறேன், நாள் முழுக்க அடிக்கும் மழையென்றால் யோசிக்காமல் அதை எடுத்துக்கொள்வேன். அப்புறம், தங்குவதாக முடிவெடுத்தால் உடனே அந்தப் பக்கத்து விடுதிக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இருட்டியதும் உங்களைத் தேடி யாராவது அந்த மழையில் மலையேறுவார்கள்.