செம்பாறை நாட்டில் பாறை படிக்க எங்கே போகலாம்: சயான், ஆர்ச்சஸ், கேபிடல் ரீஃப், பிரைஸ்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தெற்கில் ஐந்து தேசியப் பூங்காக்கள் இருக்கின்றன. குழுவாக நடந்து, வழிகாட்டியிடம் நிலவியல் கற்க வருபவர்கள் பெரும்பாலும் படங்களைப் பார்த்தே இடத்தை முடிவு செய்கிறார்கள். எதைக் கற்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்தால் தேர்வு எளிது. இங்கே நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

சயானில் படிக்க வேண்டியது ஒரே பாறை: நவாஹோ மணற்கல். சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்த பாலைவனத்தில் குவிந்த மணல்மேடுகள் இறுகிக் கல்லானவை; இடத்துக்கு இடம் 600 மீட்டர் வரை கனம். செக்கர்போர்டு மெசா என்ற குன்றில் சாய்ந்து ஓடும் கோடுகள், மேட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் மணல் சரிந்து படிந்த தடங்கள். அவை சாயும் திசையே அன்று காற்று வீசிய திசை. 10 மடங்கு கைலென்ஸில் பார்த்தால் மணல்மணிகள் உருண்டு, ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். காற்று சலித்த மணலின் அடையாளம் அது. ரிவர்சைடு வாக் நடையும் (போய்வர 3.5 கி.மீ.) நல்ல பாடம். மணற்கல்லுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள கயெண்டா படிவம் என்ற பாறை அடுக்கின் இறுகிய சேற்றுக்கல்லைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் கசிகிறது. சுவரில் தொங்கும் பன்னங்கள் அந்தக் கசிவில்தான் பிழைக்கின்றன. ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்ற செங்குத்தான உச்சியைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டாம். 2022 முதல் அனுமதிச் சீட்டு வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஏறும் இடத்தில் பத்துப் பேரை நிறுத்திப் பாறையை விளக்கவும் முடியாது.

ஆர்ச்சஸ் பூங்காவின் ஃபயரி ஃபர்னஸ் என்ற பாறைப் பகுதி வேறு வகை. இங்கே வழிகாட்டியின் தேவை நிஜமானது. வழக்கமான நடைபாதை கிடையாது. உயர்ந்த சுவர்களுக்கிடையே ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது. பூங்கா ரேஞ்சருடன் போக முன்பதிவு வேண்டும். தனியாகப் போனாலும் அனுமதி கட்டாயம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இடமில்லை. பலன் பெரிது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் வற்றி விட்டுப்போன உப்பு, மேலே ஏறிய பாரத்தில் பிதுங்கி நகர்ந்து உப்பியது. அதன் மேலிருந்த பாறை இணைகோடுகளாக விரிசல் விட்டது. விரிசல்களை நீர் அகலமாக்க, மெல்லிய சுவர்கள் மிஞ்சின. அந்தச் சுவர்களில் ஓட்டை விழுந்தால் வளைவு (ஆர்ச்). இதைப் படமாகப் பார்ப்பதற்கும், விரிசலுக்குள்ளேயே தோள் உரச நடப்பதற்கும் நிறைய வேறுபாடு. இடுக்குகளில் தாவவும் கைகளை ஊன்றி ஏறவும் வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

எங்கள் முதல் தேர்வு கேபிடல் ரீஃப். வாட்டர்பாக்கெட் மடிப்பு சுமார் 160 கி.மீ. நீளத்துக்குப் பூமியை ஒரு பக்கமாக வளைத்திருக்கிறது. அடுக்குகள் கிழக்கே சாய்வதால், 24ஆம் நெடுஞ்சாலையில் மேற்கிலிருந்து கிழக்கே போகப் போகப் பாறையின் வயது குறைகிறது. பூங்காவில் வெளிப்படும் பாறைகள் சுமார் 27 கோடி முதல் 8 கோடி ஆண்டு வரை. மேற்கே மோயென்கோபி படிவத்தில் அலைத் தழும்புகளைத் தொட்டுப் பார்க்கலாம்: இருபக்கமும் ஒரே சரிவென்றால் அலை அசைந்த நீர், ஒருபக்கம் செங்குத்தென்றால் ஒரே திசையில் ஓடிய நீர். பிறகு கிராண்ட் வாஷ் என்ற வறண்ட ஓடைப் பள்ளம், ஒருவழி 3.5 கி.மீ., ஏறக்குறைய சமதரை. குழு நின்று பேச இடம் உண்டு. முதியவர்களும் பின்தங்க மாட்டார்கள்.

பிரைஸ் அரை நாளுக்குப் போதும். அங்குள்ள தூண்கள் ஏரியிலும் வெள்ளச் சமவெளியிலும் படிந்த, 5 கோடி ஆண்டு வயதுள்ள சுண்ணாம்புக்கல். விரிசலில் புகுந்த நீர் உறைந்து சுமார் 9 சதவீதம் விரிந்து பாறையைப் பிளக்கிறது. விளிம்பு 2,400 மீட்டருக்கு மேல். இறக்கம் முதலிலும் ஏற்றம் கடைசியிலும் வருவதால், களைத்த பிறகே மூச்சு வாங்கும்.

ஜூலை முதல் செப்டம்பர் வரை பிற்பகல் இடிமழை வரும். தலைக்கு மேல் வானம் தெளிந்திருந்தாலும், தொலைவில் பெய்த மழை கிராண்ட் வாஷிலும் சயானின் நாரோஸ் என்ற குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் திடீர் வெள்ளமாகப் பாயும். தண்ணீர் கலங்கினாலோ குச்சிகள் மிதந்து வந்தாலோ உடனே மேடேறுங்கள். கோடையில் ஆளுக்கு நாளுக்கு 4 லிட்டர் தண்ணீர். சுத்தியல், சுண்ணாம்புக்கல்லைச் சோதிக்கும் அமிலக் குப்பி இரண்டும் வேண்டாம். தேசியப் பூங்காவில் பாறையை உடைப்பதும் எடுப்பதும் குற்றம். கறுத்துப் புடைத்த மண் மேலோட்டை மிதிக்காதீர்கள், அது நுண்ணுயிர்கள் வாழும் உயிருள்ள படலம். குழு நின்று கேட்பதும் வெறும் பாறையிலோ மணல் ஓடையிலோ இருக்கட்டும்.

பதிவு செய்யுமுன் ஏற்பாட்டாளரிடம் இரண்டு கேள்விகள்: எத்தனை இடங்களில், எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்? சிவப்புக்கும் வெள்ளைக்கும் காரணம் என்ன? சிவப்பு என்பது மணல்மணிகளைப் போர்த்திய மெல்லிய ஹெமடைட் (இரும்பு ஆக்சைடு) பூச்சு, அதைப் பிற்காலத்தில் நிலத்தடித் திரவங்கள் கழுவிய இடம் வெளுப்பு என்று சொல்பவரோடு போங்கள். "இரும்பு இருக்கிறது" என்பதோடு நிறுத்துபவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.