30 தாண்டி ஆட்டிசம்னு தெரிஞ்சவங்களுக்கான பியர் சப்போர்ட் குரூப்: போய்ப் பாத்துட்டு எழுதுற ரிவ்யூ

பெரியவங்க ஆனப்புறம் தனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சவங்களுக்காக, ஆட்டிஸ்டிக் ஆளுங்களே நடத்துற ஒரு ஆன்லைன் பியர் சப்போர்ட் குரூப்ல, அதாவது ஒரே மாதிரி அனுபவம் இருக்குறவங்க ஒருத்தருக்கொருத்தர் துணையா இருக்குற குரூப்ல, ஒரு முழு பேட்ச் முடிச்சிருக்கேன், அதப் பத்தின ரிவ்யூ இது. குரூப் பேர் போடல, சேரும்போதே அவங்க கேட்டுக்கிட்ட முதல் விஷயம் பேர பொதுவுல போடாதீங்கன்னுதான், ஏன்னா நிறைய பேர் ஆபீஸ்லயும் வீட்லயும் சொல்லாமத்தான் வர்றாங்க. அதனால இந்த மாதிரி குரூப்புக்குள்ள என்ன நடக்குது, காசுக்கு வொர்த்தா, சேரும்போது எதப் பாக்கணும், இதத்தான் எழுதுறேன். மார்க் கேட்டா 5க்கு 4. அந்த ஒரு மார்க் எதுக்குக் கொறச்சேன்னு கீழ வரும்.

நம்ம ஊர்ல ஆட்டிசம்னா சின்னப் பசங்க, ஸ்பெஷல் ஸ்கூல், ஸ்பீச் தெரபி, எல்லார் மனசுலயும் அவ்ளோதான். நாங்க ஸ்கூல் படிச்ச காலத்துல நல்லா மார்க் வாங்குற, சத்தம் போடாத பொண்ணுக்கு ஆட்டிசம் இருக்கும்னு யாரு நெனச்சா, திமிரு புடிச்சவ, தலக்கனம், யார் கூடவும் ஒட்ட மாட்டா, கல்யாணம் ஆனா சரியாயிடும், இதுதான் கெடச்ச பேரு. 2013ல டிஎஸ்எம்-5, அதாவது மனநல டாக்டர்ங்க எது என்னன்னு முடிவு பண்ண வெச்சிருக்குற அமெரிக்க கையேடு, வந்தப்பதான் ஆஸ்பெர்ஜர்னு தனியா வெச்சிருந்தத ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம்குள்ள சேத்தாங்க, ஒரே ஆளுக்கு ஏடிஹெச்டியும் (கவனம் நிக்காம சிதறுறது, துறுதுறுப்பு) ஆட்டிசமும் ரெண்டுமே இருக்கலாம்னு ஒத்துக்கிட்டதும் அதுலதான். அதுக்கு முன்னாடி வளந்தவங்க பதட்டம், டிப்ரஷன்னு வருஷக்கணக்கா மாத்திரை சாப்பிட்டு ஓட்டிட்டு, வேற எதுக்கோ போன எடத்துல ஒரு நாள் இது தெரிய வரும், இல்லன்னா புள்ளைக்கு அசெஸ்மென்ட் பண்ணும்போது அங்க கேக்குற ஒவ்வொரு கேள்வியும் தன்னையே கேக்குற மாதிரி இருக்கும். என் விஷயத்துல ரிப்போர்ட்ட கையில குடுத்தாங்க, பில்லு போட்டாங்க, இனிமே என்ன பண்ணணும்னு கேட்டதுக்கு நெட்ல நிறைய இருக்கு படிங்கன்னாங்க. முப்பது சொச்சம் வருஷ வாழ்க்கைய பின்னாடி திரும்பிப் பாத்து ஒவ்வொண்ணா மறுபடி புரிஞ்சுக்க வேண்டியிருக்கு, அழுகையும் வருது நிம்மதியாவும் இருக்கு, அந்த நேரத்துல ஒரு மனுஷங்க பக்கத்துல வேணும்ல. அந்த எடத்துலதான் இந்த குரூப் வருது.

சேர்றதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு, டாக்டர் ரிப்போர்ட் கேக்க மாட்டாங்க. தானா படிச்சு, 50 கேள்வி ஏக்யூ, 80 கேள்வி ராட்ஸ்-ஆர்னு ஆட்டிசத்துக்கான கேள்வித்தாள் எல்லாம் போட்டுப் பாத்து இது நான்தான்னு முடிவுக்கு வந்தவங்களும் சேரலாம். இதுக்கு சில பேர் எதிர்ப்பு சொல்றத பாத்திருக்கேன், பேப்பர் இல்லாம யார் வேணா வந்து உக்காரலாமான்னு. எனக்கு இது சரின்னுதான் படுது. பெரியவங்கள அசெஸ் பண்ணத் தெரிஞ்ச ஆளு ஒரு மாவட்டத்துல தேடினாலும் கெடைக்காத நெலமைல, ஃபீஸும் அவ்ளோ ஆகுறப்ப, பேப்பர் இருந்தாத்தான் உள்ள விடுவேன்னா சென்னை பெங்களூர்ல வசதியா இருக்கவங்க மட்டும்தான் உள்ள இருப்பாங்க.

இப்ப நடக்குற விதத்துக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். மீட்டிங்குக்கு ரெண்டு நாள் முன்னாடியே ஒரு மெயில் வரும். யாரு நடத்தப் போறாங்க, அவங்க ஃபோட்டோ, மொத்தம் எத்தன பேரு, முதல் 10 நிமிஷம் என்ன, அதுக்கப்புறம் என்ன, கேக்கப் போற கேள்வி என்ன, எத்தன மணிக்கு முடியும், எல்லாம் எழுதியிருக்கும், சொன்ன நேரத்துக்கு முடிச்சும் காட்டுனாங்க. கேமரா ஆஃப்ல இருக்கலாம். வாய் திறந்து பேசாம சாட்ல டைப் பண்ணலாம், அத ஒருத்தர் சத்தமா படிச்சு பேச்சோட சேத்துடுவாங்க. நடுவுல கெளம்பணும்னா காரணம் சொல்லத் தேவையில்ல, ஏன் போனீங்கன்னு அப்புறமா யாரும் மெசேஜ் போட மாட்டாங்க. நடத்துறவங்க ஒரு கேள்வி கேட்டுட்டு அமைதியா காத்திருப்பாங்க, நெஜமாவே ஒரு நிமிஷம் முழுசா ஓடும், வேற எங்கயா இருந்தாலும் அதுக்குள்ள ஒருத்தர் வந்து "ஏன் எல்லாரும் சைலண்டா இருக்கீங்க, பேசுங்க பேசுங்க"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. அந்த ஒரு நிமிஷம் கெடச்சதாலதான் நான் யோசிச்சு முழு வாக்கியமா பேச முடிஞ்சுது.

என்ன பேசுவாங்கன்னா, மாஸ்கிங் (ஆட்டிசம் வெளிய தெரியாம மறைச்சு நடந்துக்கிறது), பர்ன்அவுட் (தாங்க முடியாம மொத்தமா ஓய்ஞ்சு போறது), சத்தம் வெளிச்சம், வேலை, வீட்ல சொல்றதா வேணாமான்னு ஒவ்வொரு வாரமும் ஒரு தலைப்பு. கல்யாண வீடு பத்தின வாரத்த மறக்கவே முடியாது. மேளச் சத்தம், மைக் செட், பூ வாசனை, சென்ட் வாசனை, அதுக்கு நடுவுல யாரோ வந்து கையப் புடிச்சு "என்னத் தெரியுதா சொல்லு பாப்போம்"னு நிக்கறது, இத ஒவ்வொருத்தரா சொல்லச் சொல்ல சாட்ல எனக்கும் எனக்கும்னு வந்துக்கிட்டே இருந்துச்சு. அப்ப ஒரு அக்கா சொன்னாங்க, எந்தக் கல்யாணமா இருந்தாலும் தாம்பூலப் பை குடுக்குற வேலைய முன்னாடியே கேட்டு வாங்கிப்பேன்னு. வாசல் பக்கம் நிக்கலாம், உள்ள இருக்குற சத்தம் பாதிதான் வரும், நமக்கும் வர்றவங்களுக்கும் நடுவுல ஒரு டேபிள் இருக்கும், பேச வேண்டியது "சாப்டீங்களா, போய்ட்டு வாங்க" இவ்ளோதான், யாரும் உக்காந்து குசலம் விசாரிக்க மாட்டாங்க, கடைசில அந்தப் பொண்ணு எவ்ளோ பொறுப்பா நின்னுச்சு பாருன்னு நல்ல பேரு வேற. இத எந்த தெரபிஸ்ட்டும் சொல்லிக் குடுக்கல, தானா கண்டுபிடிச்சு இருபது வருஷமா செஞ்சுக்கிட்டு வர்றாங்க, ஏன் செய்றோம்னு இப்பத்தான் அவங்களுக்கே தெரியுது. நான் அடுத்து வந்த ஒரு நிச்சயதார்த்தத்துல இதையே செஞ்சேன், வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் படுத்துக் கெடக்குற வேலையே இல்ல.

ஆட்டிஸ்டிக் ஆளுங்க நடத்துனாத்தான் இப்படி வரும்னு நான் சொல்றதுக்கு அனுபவம் மட்டும் காரணம் இல்ல. 2012ல டேமியன் மில்ட்டன்னு ஒருத்தர், அவரும் ஆட்டிஸ்டிக்தான், ஒரு விஷயம் எழுதினார்: ஆட்டிஸ்டிக் ஆளுக்கு அடுத்தவங்கள புரியலன்னு மட்டும் சொல்றீங்களே, மத்தவங்களுக்கும் ஆட்டிஸ்டிக் ஆள புரியறது இல்லையே, இது ரெண்டு பக்கப் பிரச்சனைன்னு. 2020ல எடின்பரோ யுனிவர்சிட்டியில கேத்தரின் கிராம்ப்டன் டீம் அத டெஸ்ட்டே பண்ணிப் பாத்தாங்க. ஸ்கூல்ல விளையாடுவோமே, ஒருத்தர் காதுல சொல்லி அவங்க அடுத்தவங்க காதுல சொல்லி கடைசி ஆளுக்கு என்ன வந்து சேந்துச்சுன்னு பாக்கறது, கிட்டத்தட்ட அதே முறைதான், 72 பேரு, எட்டெட்டு பேரா வரிசை. முழுக்க ஆட்டிஸ்டிக் ஆளுங்க இருந்த வரிசையில கதை எவ்ளோ போய்ச் சேந்துச்சோ, ஆட்டிசம் இல்லாதவங்க மட்டும் இருந்த வரிசையிலயும் அதே அளவுதான் சேந்துச்சு, ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி நிறுத்தின வரிசையிலதான் விவரம் மளமளன்னு உதிர்ந்து போச்சு. இதப் படிச்சுட்டு குரூப்ல உக்காந்தா, நமக்குப் பேசத் தெரியாதுன்னு சின்ன வயசுலருந்து நம்பிக்கிட்டு இருந்தது எவ்ளோ பெரிய அநியாயம்னு புரியும்.

ஒரு தடவ நேர்லயும் ஒரு பார்க்ல சந்திச்சோம். வாசல்லயே பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மூணு அட்டை, எது வேணுமோ எடுத்து சட்டையில மாட்டிக்கலாம். சிவப்பு போட்டிருந்தா பேச வராதீங்க, மஞ்சள் போட்டிருந்தா ஏற்கனவே தெரிஞ்சவங்க மட்டும் வாங்க, பச்சைன்னா பேச ஆசைதான் எனக்கு ஆரம்பிக்க வரல நீங்களா வந்து பேசுங்க. இது இவங்க கண்டுபிடிச்சது இல்ல, அமெரிக்காவுல ஜிம் சின்க்ளேர் மாதிரி ஆட்டிஸ்டிக் ஆளுங்களே 1996லருந்து நடத்தின ஆட்ரீட் கேம்ப்ல இருந்து வந்த வழக்கம். ஒரு பையன் சிவப்பு அட்டை போட்டுக்கிட்டு எங்க பக்கத்துலயே பாய்ல உக்காந்து ரெண்டு மணி நேரம் சாவிக்கொத்த விரல்ல சுத்திக்கிட்டு இருந்தான், ஒருத்தர் கூட அவன தொந்தரவு பண்ணல, போகும்போது சூப்பரா இருந்துச்சுன்னு குரூப்ல டைப் பண்ணிட்டுப் போனான்.

மாற்றுத்திறனாளி சர்டிஃபிகேட் வாங்குற விஷயத்துலயும் இந்த குரூப் நல்ல உபயோகம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்குற 21 வகையில ஆட்டிசமும் ஒண்ணு, ஆனா அளக்குறதுக்கு வெச்சிருக்குற ஐசா ஸ்கேல்ல இருக்குற 40 கேள்வியும் பெரும்பாலும் சின்னப் பசங்கள மனசுல வெச்சு எழுதுன மாதிரிதான் இருக்கு, வேலைக்குப் போற, மறைச்சு மறைச்சே பழகிப்போன ஆளுக்கு ஸ்கோர் 70ங்கிற எல்லைக்கோட்ட தொடறதே பெரும்பாடு. ஏற்கனவே அலைஞ்சு வாங்கினவங்க ரெண்டு பேரு, கூட அம்மாவையோ அண்ணனையோ கூட்டிட்டுப் போங்க, சின்ன வயசுல டீச்சர் எழுதின ரிமார்க் இருந்தா எடுத்துட்டுப் போங்க, நல்லா இருக்குற நாள சொல்லாதீங்க மோசமான நாள சொல்லுங்கன்னு பொறுமையா விளக்கினாங்க.

சரி, கொறச்ச மார்க்குக்கு வரேன். எல்லாமே இங்கிலீஷ்ல. தமிழ்நாட்டுல இருந்து பாதிப் பேரு இருந்தும் பேச்சு முழுக்க இங்கிலீஷ்லதான் ஓடும், மனசுக்குள்ள இருக்குறத சொல்ற எடத்துல மொழிய மாத்தி யோசிக்கறது எவ்ளோ பாரம் தெரியுமா, திருநெல்வேலி பக்கத்துல இருந்து வந்த ஒரு அண்ணன் மூணாவது வாரத்தோட நின்னுட்டாரு, எனக்கு அதான் காரணம்னு தோணுது. ஐடி வேலை பாக்குறவங்களுக்கும் இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்களுக்கும் மட்டும்தான் ஆட்டிசம் வருதா என்ன? டெய்லர் கடை வெச்சிருக்குற அக்கா, லாரி ஓட்டுற தம்பி எல்லாம் எங்க போவாங்க? இன்னொரு கொறை, நடத்துறவங்களும் ஆட்டிஸ்டிக்தான், சம்பளம் இல்லாம செய்றாங்க, அவங்களுக்கு பர்ன்அவுட் வந்து ஒரு வாரம் மீட்டிங் கடைசி நேரத்துல கேன்சல் ஆச்சு, முன்கூட்டியே தெரிஞ்சாத்தான் நிம்மதியா இருக்குற ஆளுங்களுக்கு அது பெரிய அடி. மாற்று ஆளு ஒருத்தர் ரெடியா இருக்கணும்.

இது சிகிச்சை கெடையாது, அத அவங்களே முதல் நாளே சொல்லிடுறாங்க. உயிர விட்டுடலாம்னு எண்ணம் வர்ற அளவுக்கு இருந்தா வாரக் கூட்டத்துக்காகக் காத்திருக்காம டெலி மானஸ்ங்கிற அரசு மனநல ஹெல்ப்லைன் 14416க்கு கூப்பிடுங்க, தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

ஃபீஸ் முழு பேட்ச்சுக்கும் சேத்து, சென்னையில சைக்காலஜிஸ்ட்ட ஒரு தடவ பாக்குற காசுதான், முடியாதவங்க ஃபார்ம்லயே ஒரு டிக் போட்டா போதும், ஏன்னு கேக்காம விட்டுடுறாங்க. வேற குரூப் தேடுறவங்க ரெண்டு விஷயம் மட்டும் கட்டாயம் கேளுங்க: நடத்துறவங்க ஆட்டிஸ்டிக்கா, பேரண்ட்ஸும் அதே ரூம்ல இருப்பாங்களா. பசங்களோட அப்பா அம்மாவுக்குன்னு இருக்குற குரூப்ல நாம போய் உக்காந்தா, நம்மள மாதிரி ஆளுங்கள எப்படி "சரி பண்றது"ன்னு பேசுறதக் கேட்டுக்கிட்டு இருக்கணும், புதுசா தெரிஞ்ச நேரத்துல அது தாங்காது. யாராவது குணப்படுத்துறேன், டயட் மாத்துறேன், மருந்து தரேன்னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

தமிழ் பேட்ச் ஒண்ணு வேணும்னு நாங்க கொஞ்சம் பேரு சேந்து எழுதிக் குடுத்தோம், அந்த தாம்பூலப் பை அக்காவும் இன்னொருத்தரும் இப்ப நடத்துறதுக்கு ட்ரெய்னிங் எடுத்துக்கிட்டு இருக்காங்க. அது ஆரம்பிச்சதும் அதுலயும் உக்காந்து பாத்துட்டு மார்க்க மாத்துறேன்.