ஸ்பிரிங் மட்டுமா, முழு கிளட்சா?

பழைய ஸ்டில் எம்.எஸ். 180 செயின் சாவில், விசையை விட்ட பிறகும் சங்கிலி சுற்றுகிறதா? ஐட்லிங் வேகம் (விசையைத் தொடாதபோது எஞ்சின் ஓடும் வேகம்) சரியாக இருந்தால், சந்தேகம் கிளட்ச் ஸ்பிரிங் மேல்தான்: வேகம் குறைந்ததும் கிளட்ச் கட்டைகளை டிரம்மிலிருந்து (சங்கிலியை ஓட்டும் உருளை) உள்ளே இழுப்பது அதுதான்.

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் செலவு சொற்பம். தளர்ந்தது ஒன்றே என்றாலும் மூன்று ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கட்டைகள் ஒரே சமயத்தில் விரியாது. முதல் இரண்டும் எளிதாக உட்காரும். மூன்றாவதன் கொக்கியை இழுத்து மாட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நழுவினால் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்; கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

முழு கிளட்ச் வாங்கினால் இந்த மல்லுக்கட்டு இல்லை, விலைதான் கூடும். மலிவான நகல் என்றால் பழையதன் பக்கத்தில் வைத்துக் கட்டைகளின் அகலத்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டைகளில் கனம் மிச்சமிருந்தால் என் ஓட்டு ஸ்பிரிங்குக்கே. தேய்ந்தோ சூட்டில் நீலம் பாரித்தோ இருந்தால் முழுதாக மாற்றிவிடுவேன்.

எதுவானாலும் கிளட்ச் இடப்புரி கொண்டது: கழற்ற வலப்பக்கம், முடுக்க இடப்பக்கம். டிரம்மைப் போடும் முன் ஊசி பேரிங்கைத் துடைத்துப் புது கிரீஸ் வையுங்கள். சங்கிலி மாட்டும் பல்சக்கரத்தில் தேய்மானப் பள்ளம் 0.5 மி.மீ. தாண்டியிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.