குன்னூரில் ஒரு நாள் சட்ட வகுப்பு: ஆலய வாசலில் நிற்கும் நிருபர்களுக்கு

கோத்தகிரியில் பதினோரு ஆண்டுகளாகப் பகுதி நேர நிருபராக இருக்கிறேன். சென்ற ஆண்டு ஒரு கோயில் வாசலில், திருவிழாவை யார் நடத்துவது என்ற தகராறில் ஊர்க்காரர்கள் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். படம் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம் வந்த காவலர் ஒருவர், “உனக்கு எதற்கம்மா இந்த வம்பு?” என்று போனை வாங்கி, மூன்று வீடியோக்களை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். நான் வாயடைத்து நின்றேன். அந்த மௌனம் இன்னும் உறுத்துகிறது. வழிபாட்டுத் தலப் போராட்டங்களில் நிருபருக்குள்ள உரிமைகள் பற்றி குன்னூரில் வகுப்பு என்றதும், 500 ரூபாய் கட்டி, கட்டபெட்டு வழியாகப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தது அதனால்தான்.

பாடம் எடுத்தவர் ஊட்டி நீதிமன்றத்தில் வழக்காடும் பெண் வழக்கறிஞர். நிருபருக்கென்று தனி உரிமை எதையும் அரசியலமைப்பு தரவில்லை, எல்லாக் குடிமக்களுக்கும் கருத்துரிமை தரும் 19(1)(அ) பிரிவுதான் நமக்கும் என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார். மனம் சற்றுத் துவண்டது. பிறகு கரும்பலகையில் சாலை, வாசல், பிராகாரம் என்று மூன்று கோடுகள் போட்டார். அங்கிருந்துதான் வகுப்பு உயிர் பெற்றது.

சாலையில் நிற்கும்போது தடை உத்தரவு இருப்பதாகச் சொன்னால் அதன் நகலைக் கேட்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பழைய 144ஆவது பிரிவு, இப்போதைய 163. அத்தகைய உத்தரவுகளை வெளியிட்டே ஆக வேண்டும், நியாயமான கருத்துரிமையை அடக்க அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. வாசலைத் தாண்டினால் கதை வேறு. வழிபாட்டுக் கட்டடத்தைச் சட்டம் குடியிருக்கும் வீட்டோடு சேர்த்தே வைத்திருக்கிறது; போகச் சொன்ன பிறகும் வம்புக்கென்று நின்றால் அது அத்துமீறல். கோயிலுக்குள் செல்போன் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதையும் நினைவூட்டினார். உள்ளே போனோடு நிற்பவருக்கு வாதாட இடமே இல்லை.

கூட்டத்தோடு சேர்த்து நம்மையும் சட்டவிரோதக் கூட்டம் என்று வழக்கில் சேர்ப்பதுதான் பெரிய ஆபத்து. கூட்டத்தின் சட்டவிரோத நோக்கத்தில் நமக்கும் பங்கு இருந்தால்தான் அந்தக் குற்றம். ஆகவே கோஷம் போடாதீர்கள், பதாகையைப் பிடித்துக்கொள்ளக்கூடக் கை கொடுக்காதீர்கள், பத்தடி தள்ளி நில்லுங்கள் என்றார். இன்னொன்றும் சொன்னார். மலையில் குளிருக்கு ஜெர்கின் போட்டு அடையாள அட்டையை உள்ளே மறைத்துவிடுகிறோம். அட்டை வெளியே தெரிய வேண்டும். சமவெளியிலிருந்து வரும் யாருக்கும் இது தோன்றாது.

மதியத்துக்குப் பிறகு என் கதையைச் சொன்னேன். அவர் நிதானமாகப் பதில் சொன்னார்: “பறிமுதல் என்றால் பட்டியல் எழுத வேண்டும், சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவின்படி அதை வீடியோவாகவும் பதிவு செய்ய வேண்டும். அழிப்பதற்கு எந்தப் பிரிவிலும் இடமில்லை அம்மா.” அந்தக் கடைசி வரிக்காகவே 500 ரூபாய் தகும்.

குறைகளும் உண்டு. கையேடு முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. கூடலூரிலிருந்து வந்த அண்ணன் ஒருவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டார். பாதிப் பக்கங்களில் இன்னும், மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய 295ஏ போன்ற பழைய இந்திய தண்டனைச் சட்ட எண்களே இருக்கின்றன. காவல் நிலையத்தில் அவற்றைச் சொன்னால் நம்மை யார் மதிப்பார்கள்? செய்தி தந்தவர் பெயரைச் சொல்ல மறுக்கலாமா என்ற கேள்விக்கு, பிரஸ் கவுன்சில் சட்டத்தின் 15(2) பிரிவு அந்தக் கவுன்சிலின் விசாரணையில் மட்டுமே காக்கும், நீதிமன்றத்தில் காக்காது என்று ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது. ஆனால் பகுதி நேர நிருபரை வழக்கு வந்ததும் அலுவலகம் கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஐந்தே நிமிடம்தான் ஒதுக்கினார்கள். இந்த மலையில் பெரும்பாலோர் சம்பளமில்லாத பகுதி நேர நிருபர்கள். அதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும்.

வேலை செய்கிற எவரும் ஒரு முறை போய் வாருங்கள். பழைய வழக்குத் தாள் ஏதேனும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். இடைவேளையில் அந்த வழக்கறிஞர் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்க்கிறார்.