லிதுவேனியர் ஊர்ப் பயணம்: கவுண்டரில் முடிவது எது, எம்.பி.யாலும் முடியாதது எது

கிழக்கு லண்டனில் பெக்டன், பார்க்கிங் (Barking) பகுதிகளில் குடியிருக்கும் தமிழர்களுக்கு லிதுவேனியர்கள் அக்கம்பக்கத்தவர். கோடை விடுமுறைக்கு வில்னியுஸ், கௌனஸ், பாலாங்கா என்று விமானம் ஏறுகிறவர்கள், போன கையோடு அலுவலகங்களுக்கு அலையத் தொடங்குகிறார்கள். பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு, மருத்துவக் காப்பீட்டுப் பாக்கி, அம்மா பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஒரு பவர் பத்திரம் என்று வேலை வரிசையாக நிற்கும். இவர்களுக்கென்றே லிதுவேனிய நாடாளுமன்றத்தில் ஓர் இடமும் இருக்கிறது. அந்த எம்.பி.யிடம் கேட்க வேண்டியதையும் கவுண்டரில் முடிக்க வேண்டியதையும் குழப்பிக்கொண்டால் விடுமுறை போயே போய்விடும்.

லிதுவேனிய நாடாளுமன்றமான சேய்மாஸில் 141 பேர். 71 பேர் தொகுதியிலிருந்தும் 70 பேர் கட்சிப் பட்டியலிலிருந்தும் வருகிறார்கள். முன்பெல்லாம் வெளிநாட்டில் விழுந்த வாக்குகளை வில்னியுஸின் நவுயாமியெஸ்திஸ் தொகுதிக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். 2020 தேர்தலில்தான் 'உலக லிதுவேனியர்' என்று தனித்தொகுதி வந்தது. அதில் வென்றவர் டாலியா அசனாவிச்சூட்டே, இப்போது அசனாவிச்சூட்டே-க்ருஷவுஸ்கியெனே. லண்டனில் வாழ்ந்தவர், பிரிட்டன் லிதுவேனியர் சமூக அமைப்பின் தலைவராக இருந்தவர், வலதுசாய்வுள்ள தாயக ஒன்றியம் கட்சிக்காரர். 2024-லும் அந்த இடம் அவருக்கே கிடைத்தது. ஆனால் அந்தத் தேர்தலுக்குப் பிறகு ஆட்சி சமூக ஜனநாயகக் கட்சியின் கைக்குப் போனதால் இப்போது எதிர்க்கட்சி வரிசையில் இருக்கிறார்.

அவர் ஓயாமல் பேசிவருவது இரட்டைக் குடியுரிமை பற்றி. முடிச்சு இருக்கும் இடமும் அதுதான். 1992 அரசமைப்பின் 12-ஆம் பிரிவு, சட்டம் குறிப்பிடும் தனித்தனி விதிவிலக்குகளைத் தவிர ஒருவர் லிதுவேனியக் குடியுரிமையோடு இன்னொன்றையும் வைத்திருக்க முடியாது என்கிறது. அந்த விதிவிலக்கு அரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று 2006 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் இறுக்கிவிட்டது. முதல் அத்தியாயத்தில் இருக்கும் பிரிவு என்பதால் சேய்மாஸ் நினைத்தாலும் தொட முடியாது, பொதுவாக்கெடுப்பு வேண்டும். அதிலும் வந்து வாக்களித்தவர்களில் பெரும்பான்மை போதாது, பதிவான மொத்த வாக்காளரில் பாதிக்கு மேல் 'ஆம்' விழ வேண்டும்.

2019-ல் ஒருமுறை தோற்றது. 2024 மே 12 அன்று, குடியரசுத் தலைவர் தேர்தலோடு சேர்த்தே நடத்திப் பார்த்தார்கள். வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 74 சதவீதம் பேர் ஆதரவு. அப்படியும் தோல்வி. கணக்குப் போட்டால் காரணம் தெரியும். 74 சதவீத ஆதரவை வைத்து மொத்தத்தில் பாதியைத் தொட, நூற்றுக்கு 68 பேராவது வந்து வாக்களித்திருக்க வேண்டும். வந்தவர்கள் ஏறத்தாழ 60. எதிர்த்தவர்கள் தோற்கடிக்கவில்லை, வீட்டில் இருந்தவர்கள் தோற்கடித்தார்கள். ஒரு தொகுதி எம்.பி. எவ்வளவு கூட்டம் போட்டாலும் இந்த எண்ணைத் தனியாகத் தாண்ட முடியாது.

விளைவு சிலசமயம் விசித்திரமாக இருக்கும். சோவியத் ஆக்கிரமிப்பு நாளான 1940 ஜூன் 15-க்கு முன் லிதுவேனியக் குடிமகனாக இருந்து, சுதந்திரத்தை மீண்டும் அறிவித்த 1990 மார்ச் 11-க்கு முன் மேற்கு நாட்டுக்குப் போனவரின் பேரன், பேரனின் பிள்ளை, சிகாகோவிலேயே பிறந்து லிதுவேனிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாதவராக இருந்தாலும் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். 2004-ல் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு வேலைக்குப் போன நர்ஸ், பிரெக்ஸிட்டுக்குப் பயந்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கினால் லிதுவேனியக் குடியுரிமையை இழப்பார். பிறக்கும்போதே இரண்டும் கிடைத்த பிள்ளைக்கு மட்டும் சிக்கலில்லை. பெரியவர்களானதும் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றிருந்த நிபந்தனை 2016-ல் எடுக்கப்பட்டுவிட்டது.

வேறு குடியுரிமை வாங்கியவர் இரண்டு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். "பழைய பாஸ்போர்ட் இன்னும் செல்லுபடியாகுதே, அதையே காட்டிப் போயிட்டு வந்துடலாம்" என்கிறவர்கள் உண்டு. அட்டையில் தேதி மிச்சமிருப்பதால் குடியுரிமை மிச்சமிருப்பதாக ஆகாது. அவர்களுக்கு உள்ள நேர்வழி, லிதுவேனிய வம்சாவளிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, அதை வைத்து நிரந்தர வசிப்பிட அனுமதி கேட்பது. குடிவரவுத் துறையின் 'மிக்ரிஸ்' தளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நேரம் பதிவு செய்துகொண்டு மூல ஆவணங்களோடு போக வேண்டும். இது இல்லாமல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டில் வருகிறவருக்கு, சொந்த ஊரானாலும், 180 நாளில் 90 நாள்தான்.

அடுத்தது, ஊர் போனதும் பலரைத் திடுக்கிட வைக்கும் காப்பீட்டுப் பாக்கி. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாடு போகிறவர் வசிப்பிட மாற்றத்தை அறிவிக்க வேண்டும். அறிவிக்காதவர் ஊரிலேயே வேலையில்லாமல் இருப்பதாகத்தான் பதிவேடு நினைக்கும். அப்படிப்பட்டவர் கட்டாய மருத்துவக் காப்பீட்டுக்குக் குறைந்தபட்ச ஊதியத்தில் 6.98 சதவீதத்தை மாதாமாதம் கட்ட வேண்டும். 2025-ல் குறைந்தபட்ச ஊதியம் 1,038 யூரோவாக இருந்தது, ஆக அப்போது மாதம் 72.45 யூரோ. அந்தக் கணக்கில் ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் 870 யூரோவுக்கு நெருக்கமாக நிற்கும். 2010-ல் 83,000-க்கும் மேற்பட்டோர் வெளியேறியதாகக் கணக்கு எகிறியதற்கும் இதுவே பெரிய காரணம்: ஏற்கெனவே போய்விட்டவர்கள் இந்தக் கட்டணத்துக்குப் பயந்து அந்த ஆண்டில்தான் அறிவித்தார்கள்.

பாக்கியைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட வேண்டாம். அந்தக் காலத்தில் இன்னொரு ஐரோப்பிய நாட்டில் வேலை பார்த்துக் காப்பீட்டில் இருந்தவருக்கு இந்தக் கடமையே இல்லை. அதற்கான சான்றை, அதாவது அந்த நாட்டின் காப்பீட்டுக் காலச் சான்றிதழ், அது கைக்கு வராவிட்டால் முதலாளியின் கடிதமும் வரி கட்டிய தாளும், மருத்துவக் காப்பீட்டு நிதி அலுவலகத்தில் கொடுத்தால் காலத்தைத் திருத்துவார்கள். திருத்தம் பதிவானதும் வசூலிக்கும் சமூகக் காப்பீட்டு நிதியமான 'சோத்ரா'வின் கணக்கிலும் பாக்கி இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். தேதிகள் இடைவெளியில்லாமல் ஒட்ட வேண்டும் என்பதுதான் இதில் நுணுக்கம். இரண்டு வேலைகளுக்கு நடுவில் மூன்று மாதம் சும்மா இருந்திருந்தால், அந்த மூன்று மாதத்துக்குப் பாக்கி அப்படியே நிற்கும்.

கல்யாணச் சான்றிதழிலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப நடக்கிறது. பிரிட்டனில் கட்டிய கல்யாணம் லிதுவேனியப் பதிவேட்டில் ஏறினால்தான் புதுக் குடும்பப் பெயரில் பாஸ்போர்ட். கவுண்டரில் இருப்பவர் சான்றிதழை வாங்கியதும் முதலில் தாளைத் திருப்புவார். பின்பக்கம் அப்போஸ்டில், அதாவது ஆவணம் உண்மையானது என்று அதைக் கொடுத்த நாடே வெளிநாட்டுப் பயன்பாட்டுக்காக உறுதிசெய்யும் முத்திரைத் தாள், ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாட்டுச் சான்றிதழுக்கு 2019 முதல் அது தேவையில்லை. பிரிட்டன் வெளியே போய்விட்டதால் அங்கிருந்து வருவதற்குத் தேவை. அப்போஸ்டில் வாங்குவதற்கு முன்பே மொழிபெயர்த்துவிடுகிறவர்களும் திரும்பி வருகிறார்கள், அந்த முத்திரைத் தாளும் மொழிபெயர்ப்பில் இருக்க வேண்டும். முதலில் அப்போஸ்டில், பிறகு மொழிபெயர்ப்பு. வெளிநாட்டவரை மணந்தவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: லிதுவேனிய எழுத்துவரிசையில் இல்லாத க்யூ, டபிள்யூ, எக்ஸ் ஆகிய மூன்று எழுத்துகளையும் 2022 மே 1 முதல் பாஸ்போர்ட்டில் மூலப்படியே எழுதிக்கொள்ளலாம்.

பவர் பத்திரத்துக்காக டிக்கெட் போட வேண்டியதில்லை. தூதரகத்திலேயே செய்துகொள்ளலாம். 2021 ஜூலை முதல் நோட்டரியை வீடியோ வழியாகவும் அணுகலாம், தகுதிபெற்ற மின்கையெழுத்து இருந்தால். ஸ்மார்ட்-ஐடி செயலியோ, உள்ளூர் சிம்மில் ஓடும் மொபைல் கையெழுத்தோ போதும். ஊரில் இருக்கும்போதே இதை இயக்கிவைத்துக்கொள்வது நல்லது. லண்டன் திரும்பிய பிறகு பின் நம்பர் மறந்துபோனால் எல்லாம் முதலிலிருந்து.

பிரிட்டனில் ஓட்டிய வலப்பக்க ஸ்டியரிங் காரை ஊரில் பதிய மாட்டார்கள் என்று இன்னமும் சிலர் சொல்வார்கள். 2014-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் லிதுவேனியா தோற்றபோதே அந்தத் தடை போயாயிற்று.

எம்.பி.க்கு எழுதுவது எப்போது? சட்டமே தவறாக இருக்கும்போது, அல்லது ஒரே விதியை இரண்டு அலுவலகங்கள் இரண்டு விதமாகப் படிக்கும்போது. சேய்மாஸுக்கும், வெளிநாட்டு லிதுவேனியர்களின் அமைப்பான உலக லிதுவேனியர் சமூகத்துக்கும் பொதுவான ஆணையம் ஒன்று இருக்கிறது, அந்த மாதிரி விஷயம் அங்கே போகும். வெறும் தாமதத்துக்கு எம்.பி. தேவையில்லை. விண்ணப்பத்துக்கு அலுவலகம் 20 வேலை நாளில் பதில் தர வேண்டும், காரணம் சொல்லி இன்னும் சில நாள் நீட்டிக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் சேய்மாஸ் குறைகேள் அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, ஆனால் சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். யாருக்கு எழுதினாலும் விண்ணப்பத்தின் பதிவு எண், கொடுத்த தேதி, வந்த பதிலின் நகல் மூன்றும் இருக்கட்டும். பதிவு எண் இல்லாத கடிதத்துக்கு வரும் முதல் பதில், அந்த எண்ணைக் கேட்டுத்தான் இருக்கும்.